ஐப்பசியில் மாற்றிய லினக்ஸ்

போன மாதம் இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களில் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்: சர்வருக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய வெளியீடே போதுமா, புதியதற்கு மாறிவிடலாமா? இரண்டு பக்கத்து நியாயங்களையும் அவரே வரிசையாக எழுதி, "உங்கள் அனுபவத்தில் எது சரி?" என்று முடித்திருந்தார். நல்ல கடிதம். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதி அழித்துவிட்டேன்.

முப்பத்தொரு வயதில் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். நல்ல பதிலும் கிடைத்தது. கிடைத்தும் தவறினேன். அந்த ஒரு நாளைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. தச்சநல்லூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில், தாமிரபரணியின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்று நடந்தது. மூன்று வருடத் திட்டம். இப்போது அது இல்லை. தலைவர் சென்னையில் இருந்தார். திருநெல்வேலியில் இருந்த ஒரே ஊழியர் நான்.

ஏற்பாடு எளிமையானது. பாபநாசத்துக்குச் சற்றுக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சிறிய அறை. அதற்குள் நீர்மட்டத்தை அளக்கும் கருவி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது தொலைபேசி வழியாக என் சர்வருக்கு ஓர் எண்ணை அனுப்பும். சர்வர் அதை நேரத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளும். எழுதியவற்றில் கடைசி நேரத்துக்கு உரிய எண் எதுவோ, அதைத் திரையில் பெரிதாகக் காட்டும். மட்டம் ஏழு அடியைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சியில் ஒரு பலசரக்குக் கடைக்கு நான் போன் செய்ய வேண்டும். கடைக்கார அண்ணாச்சி படித்துறைகளுக்கு ஆள் அனுப்பிக் குளிப்பவர்களையும் துவைப்பவர்களையும் கரையேற்றுவார். அளவு அறையைத் தண்ணீர் தாண்டி கல்லிடைக்குறிச்சிக்கு வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எங்கள் திட்டத்தின் முழுப் பயனும் அந்த ஒன்றேகால் மணி நேரம்தான்.

அளவு அறையைக் காவல் காக்க சுடலை என்பவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆடுமாடு கம்பியை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அறைக்கு வெளியே தண்ணீரில் அடிக்கணக்கு எழுதிய ஒரு கல்தூண் நின்றது. அதைப் பார்க்கச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனாலும் பார்ப்பார். அறையில் இருந்த ஒரே தொலைபேசி இணைப்பு இயந்திரத்துக்கு. சுடலை பேச வேண்டுமென்றால் பாபநாசத்தில் உள்ள எஸ்.டி.டி. பூத்துக்கு சைக்கிள் மிதிக்க வேண்டும். போக வர இருபத்தைந்து நிமிடம்.

எனக்கு லினக்ஸ் கற்றுத் தந்தது புத்தகங்களும், மின்னஞ்சல் குழு ஒன்றும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இணைப்பைப் போட்டு அந்தக் குழுவின் கடிதங்களை இறக்கிக்கொள்வேன். எழுதியவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. நான் செய்த வேலையின் மொழி தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். வீட்டுக்குப் போனால், "இன்னிக்கு என்ன செஞ்ச?" என்று அம்மா கேட்பாள். "கம்ப்யூட்டர் வேலைதாம்மா" என்பேன். அவளும் தலையாட்டுவாள். அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு இடம் இருக்காது. சில நாள் காலை பத்து மணிக்கு மாடியேறினால் மாலை ஆறு வரைக்கும் என் தொண்டையிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. தொலைபேசி வழியே இணையும்போது மோடம் போடும் சத்தத்தோடு சேர்ந்து நானும் வாயால் சத்தம் போட்டுப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அந்த வருடம் குழுவில் எல்லோரும் புதிய வெளியீட்டைப் பற்றியே எழுதினார்கள். லினக்ஸின் மையமான கெர்னல் இரண்டு புள்ளி இரண்டு வந்துவிட்டது, இது வேகம், அது பிரமாதம் என்று தினமும் முப்பது கடிதம். என் சர்வரில் இருந்தது பழைய இரண்டு புள்ளி பூஜ்ஜியம். ஒன்றரை வருடமாக ஒரு நாள் கூட நின்றதில்லை. பிரச்சினையே தராத ஒன்றைப் பற்றி நான் குழுவில் என்ன எழுதுவது?

ஒரு பத்திரிகையோடு இலவசமாகப் புதிய வெளியீட்டின் குறுந்தகடு வந்தது. அதே சமயம், இரண்டாயிரம் பிறந்து ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் பூஜ்ஜியமாகும்போது எங்கள் இயந்திரம் தடுமாறாது என்று எழுதிக் கொடுக்கும்படி தலைவர் கேட்டிருந்தார். பழைய வெளியீட்டுக்கும் அதைச் சோதித்து எழுதிக் கொடுத்திருக்கலாம். ஒரு வார வேலை. நான் அதைச் செய்யாமல் குழுவில் கேட்டேன்: பழையதா, புதியதா?

மூன்று பதில்கள். ஒருவர் புதியதற்கு மாறு என்றார். ஒருவர் ஓடுவதைத் தொடாதே என்றார். மூன்றாமவர் பெயர் போடாமல் இரண்டு வரி எழுதியிருந்தார்: "அந்த சர்வர் என்ன வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அது ஒரு மணி நேரம் தவறாக நடந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதை முதலில் எழுதுங்கள், பிறகு பேசுவோம்."

இது பதிலே இல்லை என்று நினைத்து அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. முன்தினம் வரை பெய்த மழை தச்சநல்லூரில் விட்டு, நல்ல வெயில் அடித்தது. காலை எட்டு மணிக்கு முன்பே வந்து குறுந்தகட்டைப் போட்டேன். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தை வரைக்கும் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. அன்று மாலை குழுவுக்கு, "நானும் மாறிவிட்டேன்" என்று ஒரு கடிதம் எழுத வேண்டும் என்ற ஆசை. காரணம் கேட்டவர்களிடமெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுப் பிரச்சினை என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். சர்வருக்குப் புதிய வெளியீடு தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

நிறுவும்போது அது பல கேள்விகள் கேட்கும். அதில் ஒன்று: இயந்திரத்தின் உள்கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா, உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா? எங்கள் கடிகாரம் இந்திய நேரத்தில் இருந்தது. நான் கேள்வியைப் படிக்காமல் என்டரைத் தட்டினேன். பொது நேரம் என்று அது எடுத்துக்கொண்டு, இந்திய நேரமாக்க ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டது. காலை எட்டு மணி அதற்குப் பிற்பகல் ஒன்றரை ஆயிற்று.

ஒன்பது நாற்பதுக்குத்தான் அதைக் கவனித்தேன். நேரத்தைத் திருத்தினேன். திரையைப் பார்த்தேன்: 4.62 அடி. முந்தைய நாள் மட்டத்துக்கு ஒத்துவந்தது. வேலை முடிந்தது என்று கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன்.

நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான். நேரம் தவறாக இருந்த அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் வந்த எண்களெல்லாம் பிற்பகல் நேரத்தோடு எழுதப்பட்டிருந்தன. கடைசியாக வந்ததற்கு மூன்று மணி பத்து நிமிடம் என்று அடையாளம். கடைசி நேரத்து எண்ணைக் காட்டுவதுதானே திரையின் வேலை? உண்மையிலேயே மூன்று மணி பத்து ஆகும் வரை, அந்த 4.62 தான் அதற்குக் கடைசி எண். அதற்குப் பின் ஆற்றிலிருந்து ஒழுங்காக வந்த எண்கள் எல்லாம் ஒழுங்காகப் பதிவாயின. எதுவும் திரைக்கு வரவில்லை.

மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது.

பதினொன்றேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. சுடலை.

"மேடம், ஆறு ஏறுது. தூண்ல ஏழு தாண்டிட்டு."

திரையைப் பார்த்தேன். 4.62.

"இங்க நாலரைதான் காட்டுது அண்ணே."

"நான் பாத்துட்டுதான் வாரேன் மேடம். தண்ணி கலங்கி வருது. மேல நல்ல மழ."

"தூண்ல பெயிண்ட் போயிருக்குன்னு நீங்கதான போன வாரம் சொன்னீங்க? அஞ்ச ஏழுன்னு பாத்திருப்பீங்க. போயி நிதானமா இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க."

பூத்தில் வேறு யாரோ இருமுவது கேட்டது.

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

அவர் இருபத்தைந்து நிமிடம் சைக்கிள் மிதிப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். ஜன்னல் வழியே வெயில் உள்ளே விழுந்து கிடந்தது. அன்று காலைதான் புத்தம்புதிய வெளியீட்டை என் கையால் நிறுவியிருந்தேன். அது தவறாகக் காட்டும் என்பதைவிட, சுடலைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பதை நம்புவது எனக்கு எளிதாக இருந்தது. அந்த நிமிடத்தில் என் பக்கத்தில் யாராவது ஒருவர் இருந்து, "எதுக்கும் ஒரு போனைப் போட்டுரு" என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பேன். யாரும் இல்லை. ஆனால் அதை ஒரு சாக்காக இப்போது சொல்ல மாட்டேன்.

பதினொன்று நாற்பத்தைந்துக்கு மறுபடி அடித்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஒம்பதர மேடம். கீழ்ப்படி முங்கிட்டு. ரூம் வாசல்ல தண்ணி வந்துட்டு. நான் சொல்லுதேன்லா!"

திரையைப் பார்த்தேன். 4.62. அப்போதுதான் உறைத்தது. காலை முதல் அந்த எண் அசையவே இல்லை. மழைக்காலத்து ஆறு இரண்டு மணி நேரம் நூலளவும் மாறாமல் நிற்காது. எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த நேரத்தைப் படித்தேன். 15:10. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு கூட ஆகவில்லை.

"வைங்க அண்ணே, நான் பாக்கேன்" என்று வைத்தேன்.

இங்கேதான் இரண்டாவது தவறு. இதை எந்தப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள். வைத்த கையோடு கல்லிடைக்குறிச்சிக்குப் போன் செய்திருக்க வேண்டும். நான் விசைப்பலகையை இழுத்து, என்ன கோளாறு என்று தேட ஆரம்பித்தேன். பதிவுகளைத் திறந்தேன். கீழிருந்து மேலே படித்தேன். 9.41, 9.02, 8.55 என்று உண்மையான ஆறு அங்கே வரிசையாகக் கிடந்தது. ஏன் திரைக்கு வரவில்லை என்று யோசித்து, கண்டுபிடித்து, "அட, இதுதானா" என்று ஒரு சந்தோஷம் கூட வந்தது. ஆமாம், சந்தோஷம். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். அந்தச் சந்தோஷத்தின் விலை பத்து நிமிடம்.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, தண்ணி வருது. ஒம்பதரைக்கு மேல. ஏழ தாண்டி ரொம்ப நேரம் ஆச்சு."

"என்னம்மா, இப்பவா சொல்லுத? இங்கனயே கலங்கல் வந்துட்டே." பிறகு ரிசீவரை மூடாமலே கத்தினார்: "ஏலே, கடய அப்படியே போடு! படித்துறைக்கு ஓடு! தெக்க ஒருத்தன் சைக்கிள எடுங்கலே!"

இணைப்பு அறுந்தது. அதற்குப் பின் ஒரு மணி நேரம் அந்த மாடியில் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. திரையைச் சரிசெய்திருக்கிறேன்; ஏனென்றால் பிறகு பார்த்தபோது சரியாக இருந்தது. ஆறு பதினொன்றரை அடி வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கியிருந்தது.

படித்துறையில் இருந்தவர்கள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். ஆற்றின் நடுவே மணல்திட்டில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் இருந்தார். குடும்பத்தோடு ஊர் ஊராக வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருபவர்கள். அவர் மனைவி கரையில் உலை வைத்திருந்தாள். சைக்கிளில் போன ஆள் கத்திச் சொல்லும்போது தண்ணீர் திட்டைச் சுற்றிவிட்டது. அவர் வாத்துகளை விட்டு வர மனமில்லாமல் தயங்கியிருக்கிறார். வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி ஒரு மருத மரத்தில் சேர்த்தது. கிளையைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். சாயங்காலம் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள். தோள்பட்டை பிசகியிருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. வாத்துகள் போய்விட்டன.

அன்று மாலை குழுவுக்கு நான் எதுவும் எழுதவில்லை.

சென்னைக்கு அறிக்கை அனுப்பினேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன்: நிறுவும்போது நான் செய்த பிழை, திரை உறைந்தது, தாமதம் இத்தனை நிமிடம். தலைவர் படித்துவிட்டு, "இந்தத் தொழில்நுட்ப விவரமெல்லாம் யாருக்குப் புரியும்? எதிர்பாராத திடீர் வெள்ளம், எச்சரிக்கை தரப்பட்டது, உயிர்ச்சேதம் இல்லை என்று சுருக்கிவிட்டேன். நன்றாகச் செய்தீர்கள்" என்று பதில் அனுப்பினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மூன்றாம் நாள் கல்லிடைக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். அண்ணாச்சி கடையில் வழி கேட்டு, ஆற்றோரம் ஒரு கல்மண்டபத்தில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளில் கட்டு. மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தின் ஓரத்தில் ஏழெட்டு வாத்துகள், எப்படியோ தப்பியவை, கூடிக் கூடி நின்றன.

"ஆத்துத் தண்ணிய அளக்குற ஆபீஸ்ல இருந்து வாரேன்" என்றேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "நீங்கதான் போன் போட்டீங்களா? அண்ணாச்சி சொன்னாவ. சைக்கிள்ல ஆள் வந்து கத்தலேன்னா இவரு தூங்கிட்டே கெடந்துருப்பாரு. நல்லா இருப்பீங்க தாயி."

"இல்லம்மா. முன்னாலயே சொல்லியிருக்கணும். அர மணி நேரத்துக்கு மேல தாமதம். என் தப்பு. மெஷின்ல நான் ஒண்ணு மாத்தினேன், அதுல..."

"ஆறு வாரதுக்கு நீங்க என்ன தாயி செய்வீங்க?"

"ஆறு இல்லம்மா, நான்..."

உள்கடிகாரம் என்று சொல்வதா? வெளியீடு என்று சொல்வதா? ஒரு கேள்வியைப் படிக்காமல் விசையைத் தட்டினேன் என்று சொன்னால், அதற்கும் அவள் வாத்துகளுக்கும் உள்ள தொடர்பை அவளுக்கு எப்படிக் காட்டுவேன்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இலையில் சுற்றி இரண்டு வாத்து முட்டை கொடுத்தாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை ஒருவர் திட்டியிருந்தால் அந்தப் பயணம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் புதிய வெளியீட்டை எடுத்துவிட்டுப் பழையதையே நிறுவினேன். புதியதன் மேல் குற்றம் இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அது கேட்ட கேள்வி சரியான கேள்வி. பதில் சொன்னவள்தான் படிக்கவில்லை. ஆனாலும் மழை முடியும்வரை, அதன் ஒவ்வொரு குணமும் எனக்குத் தெரிந்த ஒன்றுதான் அங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டாயிரம் ஆண்டுச் சோதனையைப் பழையதன் மேலேயே ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். தேறியது. தை மாதம் வேறொரு கணினியில் புதியதை ஏற்றி, இரண்டையும் பக்கம் பக்கமாக ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகு மாற்றினேன். அப்போது ஒரு சிக்கலும் இல்லை.

ஆகவே, கடிதம் எழுதிய நண்பருக்கு என் பதில்: பழையதா புதியதா என்பதற்கு முன்னால், ஏன் மாற்ற ஆசைப்படுகிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தக் காரணம் சர்வருடையதா, உங்களுடையதா என்று பாருங்கள். உங்களுடையதாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். நாள் முழுக்க ஓர் இயந்திரத்தோடு தனியாக இருப்பவர்களுக்கு வரக்கூடியதுதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள். இரண்டாவது, ஏதோ தவறு என்று தெரிந்ததும் முதலில் ஆட்களுக்குச் சொல்லுங்கள். ஏன் என்பதை அப்புறம் தேடலாம். அது எங்கும் ஓடிவிடாது.

சுடலையிடம் பேச எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமை நானே பாபநாசம் போனேன். அளவு அறைச் சுவரில் வெள்ளம் ஏறிய கறை இருந்தது. அவர் கதவில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கரையில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எதையும் எளிமையாக்கவில்லை. கடிகாரம், ஐந்தரை மணி, என்டர், மூன்று மணி பத்து. அவர் இடைமறிக்காமல் கேட்டார். சொல்லி முடித்ததும் ஆற்றைப் பார்த்தார்.

"அப்போ மெஷினுக்குச் சாயங்காலம் ஆயிட்டு, நமக்கு இன்னும் காலை. சாயங்காலத்துக் கணக்கு வந்துட்டுன்னு அது நம்ம கணக்க வாங்கல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அது மெஷினு. அதுக்கு அவ்வளவுதான் தெரியும்." சுரண்டிக்கொண்டிருந்த தகட்டைக் கீழே போட்டார். "நான் ரெண்டு வாட்டி வந்து சொன்னேன் மேடம்."

"சொன்னீங்க."

"நீங்க கேக்கல."

"கேக்கல அண்ணே."

"பெயிண்ட் போனா என்ன? பதினாறு வருசமா இந்த ஆத்தங்கரைல கெடக்கேன். அஞ்சுக்கும் ஏழுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்கள்லா?" அவர் குரல் உயரவில்லை. கண் கலங்கியிருந்தது. "அந்த மனுசன் மூணு மணி நேரம் மரத்துல நின்னாருன்னு கேட்டதுலருந்து நான் அதத்தான் நெனச்சிட்டு இருக்கேன்."

அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை. அந்த மூன்று வருட வேலையில், நான் செய்தது என்னவென்று முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர். புரிந்துகொண்டதால்தான் அவருக்குக் கோபம் வந்தது.